மருத்துவ நூலகர் ஆக என்ன படிக்க வேண்டும், எப்படிப் பழக வேண்டும்?

ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பொதுமருத்துவத்தில் எம்.டி. படிக்கும் மாணவர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். "மேடம், அரளி விதை நச்சுக்குக் கரி கொடுப்பது பற்றி நல்ல கட்டுரை ஒன்று வேண்டும். நாளை வகுப்பில் பேச வேண்டும்" என்றார். பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை. இலங்கையில் மஞ்சள் அரளி நச்சோடு மருத்துவமனைக்கு வந்த 401 பேரிடம் நடந்த ஆய்வு. வயிற்றிலுள்ள நஞ்சைப் பிடித்துக்கொள்ளும் செயலூட்டிய கரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்த குழுவில் இறந்தவர்கள் 2.5 சதவீதம், ஒரே தடவையோடு நிறுத்திய குழுவில் 8 சதவீதம். கையில் தெளிவான விடை. மாணவர் மகிழ்ச்சியோடு போனார்.

மறுநாள் மதியம் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார். "2008-இல் அதே லான்செட்டில் வந்ததைப் பார்க்கவில்லையா?" என்று பேராசிரியர் வகுப்பிலேயே கேட்டிருக்கிறார். அதுவும் இலங்கையில் நடந்ததுதான். பலவகை நஞ்சு உட்கொண்டு வந்த 4,632 பேரிடம் நடத்திய ஆய்வு. கரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்ததால் இறப்பு குறையவில்லை என்று அது சொன்னது. முதல் ஆய்வில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாக மூன்று நாள் கொடுத்தார்கள்; இரண்டாவதில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாக ஆறு தடவை. இந்த வேறுபாட்டை எடைபோட்டு முடிவு சொல்வது மருத்துவரின் வேலை. இரண்டு கட்டுரைகளையும் ஒன்றாக அவர் கையில் சேர்ப்பது என் வேலை. நான் பாதி வேலையைச் செய்துவிட்டு முழு வேலை செய்ததாக நினைத்திருந்தேன்.

அப்போது நூலகவியலில் முதுநிலைப் பட்டம் என்னிடம் இருந்தது. நல்ல மதிப்பெண்தான். ஆனால், கேட்டவருக்குப் பிடித்த விடையோடு, அதை மறுக்கும் விடை இருந்தால் அதையும் தேடித் தர வேண்டும் என்பதை எந்தத் தேர்வும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "என்ன படிக்க வேண்டும்?" என்பதுதான். அதைச் சொல்கிறேன். அதைவிட நீளமாக, படித்து முடித்தபின் எதைப் பழக வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

பட்டம்

இந்தியாவில் மருத்துவ நூலகத்துக்கென்று தனிப் பட்டப்படிப்பைத் தேடி அலைய வேண்டாம். பொதுவான நூலகம், தகவல் அறிவியல் படிப்புதான் வாசல். ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டம் முடித்தவர்கள் பி.எல்.ஐ.எஸ். என்ற நூலகவியல் இளநிலைப் படிப்பில் சேரலாம், அது ஓராண்டு. அதன்பின் எம்.எல்.ஐ.எஸ். என்ற முதுநிலைப் படிப்பு இன்னோர் ஆண்டு. சில பல்கலைக்கழகங்களில் இரண்டையும் சேர்த்து இரண்டாண்டுப் படிப்பாகவே நடத்துகிறார்கள். சென்னை, அழகப்பா, அண்ணாமலை, மதுரை காமராசர் பல்கலைக்கழகங்களின் பெயர்களை எங்கள் துறையில் அடிக்கடி கேட்பீர்கள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இக்னோவும் உண்டு. பெங்களூரில் இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் 1962-இல் தொடங்கிய ஆவணப்படுத்தல் ஆராய்ச்சி, பயிற்சி மையம் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஓர் அங்கம். கணினி, தகவல் முறைமை ஆகியவற்றில் நாட்டமுள்ளவர்கள் அங்கே முயன்று பார்க்கலாம்.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1929-இல் சென்னை நூலகச் சங்கத்தின் சார்பில் அவர் தொடங்கிய பயிற்சி வகுப்பைப் பின்னர் பல்கலைக்கழகமே ஏற்று நடத்தியது. 1931-இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்ய வைப்பார்கள். அவற்றில் நான்காவது, 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்பது. அவசரப் பிரிவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "நோயாளி மேசையில் இருக்கிறார், ஒரே ஒரு தகவல் வேண்டும்" என்று கேட்கும் நாளில் அந்த விதியின் முழுப் பொருளும் உங்களுக்கு விளங்கும்.

இளநிலையில் அறிவியல் படித்திருக்க வேண்டுமா? கட்டாயம் இல்லை. விலங்கியல், உயிர்வேதியியல், செவிலியம், மருந்தியல் படித்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் எளிதாக இருக்கும், அவ்வளவுதான். தமிழ் இலக்கியமோ வரலாறோ படித்தவர்கள் இந்த வேலைக்குச் சரிவர மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மொழி நுணுக்கம் தெரிந்தவருக்குத் தேடல் கைவரும். காரணம் கீழே வருகிறது.

மூன்று விஷயங்களில் மட்டும் கவனமாக இருங்கள். சில இடங்களில் மருத்துவத் தகவல் முறைமைகள் என்பது விருப்பப் பாடமாக இருக்கும். இருந்தால் அதை விடாதீர்கள். எம்.எல்.ஐ.எஸ். திட்டக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடும்போது ஏதாவது ஒரு மருத்துவ நூலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் அங்கே போய்வர அதுவே அனுமதிச் சீட்டு. அஞ்சல் வழியில் படிப்பவர்கள், சம்பளம் இல்லாவிட்டாலும் சில வாரமாவது ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து பழக அனுமதி கேளுங்கள். கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளில் நூல் வழங்குவதும், இதழ்கள் வந்ததா வரவில்லையா என்று பதிவதும், கல்லூரியைப் பார்வையிடும் குழு வரும் வாரத்தில் நூல் சேர்க்கைப் பதிவேட்டைச் சரிபார்ப்பதும் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம். நேரில் அது வேறு.

உடலின் சொற்கள்

வேலையில் சேர்ந்ததும் முதல் மூன்று மாதத்துக்கு நான் சொல்லும் வீட்டுப்பாடம் இது. முதலாமாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களின் உடற்கூறியல், உடலியங்கியல் நூல்களில் ஒவ்வொன்றை எடுத்து, படங்களோடு தினமும் பத்துப் பக்கம் படியுங்கள். தேர்வுக்குப் படிப்பதுபோல் வேண்டாம். ஓர் ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர் தெருப் பெயர்களைத் தெரிந்துகொள்வதுபோல் போதும்.

கூடவே சொற்பகுதிகள். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'எக்டமி' என்றால் வெட்டி அகற்றுவது, 'ஆட்டமி' என்றால் வெட்டித் திறப்பது, 'ஆஸ்டமி' என்றால் திறப்பு ஒன்றை உண்டாக்கி வைப்பது. 'நெஃப்ரோ' சிறுநீரகம், 'ஹெபட்டோ' கல்லீரல், 'கோலிசிஸ்ட்' பித்தப்பை. நூறு சொற்பகுதிகள் தெரிந்தால் ஆயிரக்கணக்கான சொற்கள் தாமாகப் பிரியும். தமிழ் இலக்கணத்தில் பகுதி, விகுதி பிரித்துப் பழகியவர்களுக்கு இது புதிய வேலையே இல்லை.

நம்மைப் போன்றவர்களுக்கு இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. தமிழில் 'இலியம்' என்று எழுதினால் அது சிறுகுடலின் கடைசிப் பகுதியாகவும் இருக்கலாம், இடுப்பெலும்பின் மேற்பகுதியாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் நடுவில் ஓர் எழுத்து மட்டும் மாறும். காதுக்கு இரண்டும் ஒன்றே. 'டிஸ்ஃபேஜியா' விழுங்குவதில் சிரமம், 'டிஸ்ஃபேசியா' பேச்சில் சிரமம். தொலைபேசியில் கேட்டு எழுதும்போது எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். மருத்துவர்களும் தங்களுக்குள் அப்படித்தான் செய்கிறார்கள்.

அலமாரியையும் இதோடு சேர்த்துப் பழகிவிடலாம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலும் டூயி தசமப் பகுப்பைப் பார்ப்பீர்கள்: 611 உடற்கூறியல், 612 உடலியங்கியல், 615 மருந்தியல், 616 நோய்கள், 617 அறுவை, 618 மகப்பேறும் மகளிர் நோயும். சில பெரிய மருத்துவ நூலகங்கள் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பகுப்பைப் பயன்படுத்துகின்றன. அதில் கியூ.எஸ். முதல் கியூ.இசட். வரை அடிப்படை அறிவியல், டபிள்யூ. வரிசை முழுவதும் மருத்துவம்: டபிள்யூ.ஜி. இதயமும் இரத்தக் குழாய்களும், டபிள்யூ.எஸ். குழந்தை மருத்துவம், டபிள்யூ.ஒய். செவிலியம். இரண்டும் தெரிந்திருந்தால் எந்த நூலகத்துக்குப் போனாலும் திகைக்க வேண்டியதில்லை.

தேடல்

இனி வருவதுதான் தொழிலின் உயிர். நிதானமாகப் படியுங்கள்.

மருத்துவக் கட்டுரைகளை ஒழுங்குபடுத்தும் வேலை மிகப் பழையது. அமெரிக்க இராணுவ மருத்துவ நூலகத்தில் ஜான் ஷா பில்லிங்ஸ் 1879-இல் இண்டெக்ஸ் மெடிக்கஸ் என்ற அட்டவணையைத் தொடங்கினார். அந்த மரபிலிருந்துதான் 1964-இல் மெட்லார்ஸ் கணினி முறையும், 1971-இல் மெட்லைன் தரவுத்தளமும், 1996-இல் மருத்துவக் கட்டுரைகளை இணையத்தில் தேட உதவும் பப்மெட்டும் வந்தன. இன்று பப்மெட்டில் 3.7 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. யாரும் பணம் கட்டாமல் தேடலாம். ஆகவே உங்கள் முதல் பயிற்சிக்கூடம் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. எப்படித் தேடுவது என்று கற்றுத்தரும் இலவசப் பாடங்களையும் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகமே வைத்திருக்கிறது. ஒரு மாதம், நாளுக்கு அரை மணி ஒதுக்கினால் முடித்துவிடலாம்.

அதில் கட்டாயம் கற்க வேண்டியது 'மெஷ்' எனப்படும் மருத்துவப் பொருட்தலைப்புகள். 30,000-க்கும் மேற்பட்ட தலைப்புகள், கிளை கிளையாகப் பிரிந்து, ஆண்டுதோறும் திருத்தப்படுபவை. ஒரே பொருளை ஆயிரம் பேர் ஆயிரம் பெயரில் எழுதினாலும் ஒரே தலைப்பின்கீழ் சேர்ப்பது இதன் வேலை. நம் ஊரில் பாராசிட்டமால் என்கிறோம். மெஷ்ஷில் அதன் தலைப்பு அசிட்டமினோஃபென். ஐரோப்பியத் தரவுத்தளமான எம்பேஸுக்குப் போனால் அதன் சொற்களஞ்சியமான எம்ட்ரீயில் அது மறுபடி பாராசிட்டமால். அட்ரினலின் மெஷ்ஷில் எபிநெஃப்ரின். மொழி நுணுக்கம் வேண்டும் என்று சொன்னது இதனால்தான். தரவுத்தளம் மாறும்போது அது பேசும் பெயரும் மாறுகிறது.

என்னைத் தலைகுனிய வைத்த அதே கேள்வியை, இன்று செய்வதுபோல் செய்து காட்டுகிறேன்.

முதலில் 'அரளி' என்பதையே கேள்விக்குள்ளாக்க வேண்டும். நம் ஊரில் அரளி ஒன்றல்ல. மஞ்சள் பூப்பது ஒன்று. அதன் தாவரப் பெயர் தெவெட்டியா பெருவியானா, இப்போது கஸ்காபெலா தெவெட்டியா என்றும் எழுதுகிறார்கள். செவ்வரளி வேறு, அது நீரியம் ஒலியாண்டர். இரண்டிலும் இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடுகள் உண்டு என்றாலும் ஆய்வுகள் தனித்தனி. மாணவரிடம் "எந்த அரளி, டாக்டர்?" என்று கேட்டால் அரை நிமிடத்தில் தெளிவாகிவிடும்.

அடுத்து ஒரு தாளில் இரண்டு பத்திகள் போடுகிறேன். இடப்பக்கம் செடிக்கான சொற்கள்: யெல்லோ ஒலியாண்டர், தெவெட்டியா, கஸ்காபெலா, கூடவே தெவெட்டியா என்ற மெஷ் தலைப்பு. வலப்பக்கம் சிகிச்சைக்கான சொற்கள்: ஆக்டிவேட்டட் சார்கோல், சார்கோல் என்ற மெஷ் தலைப்பு. ஒரு பத்திக்குள் இருப்பவற்றை 'ஆர்' (ஏதாவது ஒன்று இருந்தால் போதும்) போட்டு இணைக்க வேண்டும். இரண்டு பத்திகளை 'அண்ட்' (இரண்டும் இருக்க வேண்டும்) போட்டு இணைக்க வேண்டும். 'நாட்' (இது வேண்டாம்) என்ற சொல்லைப் புதியவர்கள் தொடவே வேண்டாம். வேண்டாததை வெட்டுகிறோம் என்று நினைத்து வேண்டியதையும் சேர்த்து வெட்டிவிடும்.

மெஷ் தலைப்பு மட்டும் போதாதா? போதாது. நேற்று வந்த கட்டுரைக்குத் தலைப்பு இன்னும் இட்டிருக்க மாட்டார்கள். 2022 முதல் தலைப்பிடும் வேலையைப் பெரும்பாலும் கணினியே செய்கிறது. தவறிப் போவதும் உண்டு. ஆகவே தலைப்பும் வேண்டும், கட்டுரையாளர் எழுதக்கூடிய சாதாரணச் சொற்களும் வேண்டும். அனீமியா, பீடியாட்ரிக் போன்ற சொற்களுக்கு இங்கிலாந்து, அமெரிக்க எழுத்துக்கூட்டல் இரண்டையும் போட மறக்கக்கூடாது.

ஆண்டு, ஆய்வு வகை, மொழி என்ற வடிகட்டிகளைக் கடைசியில்தான் தொட வேண்டும். எத்தனை பதிவுகள் வந்தன என்று எழுதி வைத்துக்கொண்டு, பிறகு குறையுங்கள்.

பொருத்தமான கட்டுரை ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடாமல் இரண்டு திசையில் நடக்க வேண்டும். அதன் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியல் பின்னோக்கிய வழி. அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளின் பட்டியல் முன்னோக்கிய வழி. அன்று 2003-ஆம் ஆண்டுக் கட்டுரையின் பக்கத்தில் இருந்த அந்தப் பட்டியலை ஒரே ஒருமுறை சொடுக்கியிருந்தால் 2008-ஆம் ஆண்டுக் கட்டுரை என் கண்ணில் பட்டிருக்கும்.

பின்னோக்கிய வழியை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்ததை ஒவ்வொரு மருத்துவ நூலகரும் அறிந்திருக்க வேண்டும். ஆஸ்துமா தொடர்பான ஆய்வு ஒன்றில் தன்னார்வலராகக் கலந்துகொண்ட 24 வயது இளம்பெண், ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சோடு உள்ளிழுத்தபின் நுரையீரல் பாதிக்கப்பட்டு இறந்தார். ஆய்வுக்கு முன் செய்த தேடல் பப்மெட்டை நம்பியிருந்தது. அன்று அதன் பதிவுகள் 1966-இலிருந்துதான் தொடங்கின. அந்த மருந்து நுரையீரலுக்குத் தீங்கு செய்வதைப் பற்றிய கட்டுரைகள் 1950-களில் வெளிவந்து, அச்சு அட்டவணைகளில் கிடந்தன. பழைய கட்டு இதழ்களை எடைக்குப் போடலாமா என்று யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் நினைவு வரும். உங்கள் நூலகத்தில் எதையும் கழிக்கும் முன், அது வேறெங்கும் மின்வடிவில் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு நோட்டு வாங்குங்கள். நல்ல தடிமனான நீள நோட்டு. ஒவ்வொரு தேடலையும் எழுதுங்கள்: தேதி, கேட்ட கேள்வி, வந்தவர் சொல்லாமல் விட்டு நீங்கள் கேட்டு வாங்கிய கேள்வி, பயன்படுத்திய சொற்கள், எந்தத் தரவுத்தளம், எத்தனை பதிவுகள், எது தவறிப்போனது. கணினியில் வைத்துக்கொள்வதும் நல்லதுதான். ஆனால் கையால் எழுதியது நினைவில் நிற்கும். கேட்டவர் பெயரையும் நோயாளி பற்றிய குறிப்பையும் எழுத வேண்டாம்.

கேள்வியைக் கேட்டு வாங்குதல்

"சர்க்கரை நோய் பற்றி ஏதாவது இருக்கிறதா, சார்?" இப்படித்தான் கேட்பார்கள். சர்க்கரை நோய் பற்றி இலட்சக்கணக்கில் இருக்கிறது. அவருக்கு உண்மையில் வேண்டியது, பாதப் புண்ணுக்கு முழுக்க ஒட்டிய மாவுக்கட்டுப் போடுவது நல்லதா, கழற்றி மாட்டும் காலணி போதுமா என்பதாக இருக்கும். (அந்த மாவுக்கட்டு முறைக்கும் நம் மண்ணுக்கும் தொடர்பு உண்டு. தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்காக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் உழைத்த பால் பிராண்ட் அதைப் பரவலாக்கியவர்களில் ஒருவர்.)

மருத்துவர்களுக்கு இதற்கென ஒரு சட்டகம் கற்றுக்கொடுக்கப்படுகிறது, பைக்கோ என்பார்கள். நோயாளி யார், என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிடுகிறோம், என்ன பலனைப் பார்க்கிறோம் என்ற நான்கு கட்டங்கள். நீங்கள் இதை ஒரு படிவமாக நீட்டினால் எரிச்சலடைவார்கள். பேச்சுவாக்கில் கேளுங்கள். "பெரியவர்களா, குழந்தைகளா?" "எதற்குப் பதிலாக இதைக் கொடுக்க நினைக்கிறீர்கள்?" "எப்போதைக்குள் வேண்டும்?" "ஏற்கெனவே என்ன பார்த்தீர்கள்?" இந்தக் கடைசிக் கேள்விதான் அதிக நேரத்தை மிச்சப்படுத்துவது.

பேராசிரியரிடம் திரும்பக் கேள்வி கேட்பதற்குப் புதியவர்கள் அஞ்சுகிறார்கள். இது இயல்பு. ஆனால் கேட்காமல் பத்துக் கட்டுரைகளை அச்செடுத்துக் கொடுப்பதைவிடக் கேட்டுவிட்டு ஒன்றைக் கொடுப்பதையே அவர்கள் மதிக்கிறார்கள். இரண்டு மூன்று முறை நடந்தபின் அவர்களே உங்களைத் தேடி வருவார்கள்.

1971-இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் கெர்ட்ரூட் லாம் என்ற நூலகர் ஒரு படி மேலே போனார். நூலகர்களை மருத்துவர்களோடு வார்டுக்கே அனுப்பினார். படுக்கையருகே எழும் கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வந்து, தேடி, அன்றே கொண்டுபோய்க் கொடுப்பது அவர்கள் பணி. நம் ஊரில் இதற்கு வாய்ப்புக் குறைவு. ஆனால் துறைகள் வாரந்தோறும் நடத்தும் கட்டுரை விவாத அரங்கில் பின்வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். துறைத்தலைவர்கள் மறுப்பது அரிது. ஓர் ஆண்டு உட்கார்ந்தால், மருத்துவர்கள் ஒரு கட்டுரையை எங்கே பிடித்து உலுக்குகிறார்கள் என்பது புரிந்துவிடும்.

நோயாளியின் உறவினர்களும் வருவார்கள். கையில் பரிசோதனை அறிக்கையோடு, கண்கலங்கி, "இது என்னம்மா, பயப்படும்படியா?" என்று கேட்பார்கள். அறிக்கைக்கு விளக்கம் சொல்லாதீர்கள்; நல்லெண்ணத்தோடும் சொல்லாதீர்கள். நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். பொதுவான விளக்கம் வேண்டுமென்றால், மெட்லைன்பிளஸ் போன்ற நம்பகமான தளத்தில் உள்ளதைப் படித்துக் காட்டலாம். அங்கே கேட்டது அங்கேயே நிற்க வேண்டும். வெளியே ஒரு சொல்லும் போகக்கூடாது.

ஆய்வேட்டுக் காலம்

எம்.டி., எம்.எஸ். மாணவர்கள் ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதங்களில் நூலகம் திருவிழாக் கூட்டமாக இருக்கும். அதற்கு முன்பே நீங்கள் மூன்று விஷயத்தில் தேர்ந்திருக்க வேண்டும்.

மேற்கோள் எழுதும் வான்கூவர் முறை முதலாவது. மருத்துவ இதழாசிரியர்கள் 1978-இல் கனடாவின் வான்கூவரில் கூடி வகுத்தது என்பதால் அந்தப் பெயர். எண் வரிசையில் போகும். இதழ்ப் பெயர்கள் சுருக்கமாக இருக்கும். மேற்கோள்களைத் தொகுக்கும் சொட்டேரோ என்ற இலவச மென்பொருளை நீங்கள் முதலில் பழகிக்கொண்டு, மாணவர்களுக்கு முதலாண்டிலேயே ஒரு மணி நேர வகுப்பு எடுங்கள். இறுதி மாதத்தில் கற்றுக்கொடுத்தால் உங்களுக்கும் தூக்கம் போகும், அவர்களுக்கும் போகும்.

பிறர் எழுதியதோடு ஆய்வேடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனை இரண்டாவது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை வைக்கவில்லை. அதற்குமேல் படிப்படியாக நடவடிக்கை உண்டு. உங்கள் பல்கலைக்கழகத்தின் சுற்றறிக்கை என்ன சொல்கிறது என்பதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் தரும் சதவீதத்தை மட்டும் பார்த்து யாரையும் திருடர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆய்வுமுறைப் பகுதியில் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதுவார்கள். எந்தப் பகுதி ஒத்துப்போகிறது என்று உட்கார்ந்து பாருங்கள்.

மூன்றாவது, போலி இதழ்கள். "நான்கு நாளில் வெளியிடுகிறோம், கட்டணம் இவ்வளவு" என்று மின்னஞ்சல் வரும். பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்ற நெருக்கடியில் நல்ல மருத்துவர்களும் விழுகிறார்கள். இதழ் மெட்லைனில் உண்மையிலேயே இடம்பெற்றிருக்கிறதா என்பதை அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலில் நேராகப் பார்த்துச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். இதழே தன் முகப்பில் போட்டுக்கொள்ளும் முத்திரைகளை நம்ப வேண்டாம்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எழுதித் தரும் மேற்கோள் பட்டியலை மாணவர்கள் கொண்டுவருகிறார்கள். ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். தேடினால் அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. ஒவ்வொன்றையும் பப்மெட் எண்ணையோ, டி.ஓ.ஐ. எனப்படும் கட்டுரையின் அடையாள எண்ணையோ வைத்துச் சரிபார்க்காமல் விடாதீர்கள்.

எது எங்கே கிடைக்கும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெல்லி அன்சாரி நகரில் உள்ள தேசிய மருத்துவ நூலகம் 2008 முதல் எர்மெட் என்ற கூட்டமைப்பு வழியாகப் பல அரசு மருத்துவ நிறுவனங்களுக்கு மின்னிதழ்களைக் கொண்டுசேர்த்தது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள். தனியார் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. நீங்கள் அரசுக் கல்லூரியில் சேர்ந்தால் முதல் நாளே இந்தத் திட்டத்தில் உங்கள் நிறுவனம் பதிவாகியிருக்கிறதா, வளாகத்துக்கு வெளியிலிருந்து மாணவர்கள் எப்படி நுழைவது என்று தெரிந்துகொள்ளுங்கள். வாங்கிய சந்தாவைப் பற்றி மாணவர்களுக்குத் தெரியவே இல்லை என்பதைப் பல இடங்களில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

மேலே போக

ஒரு கேள்வி பற்றிய எல்லா ஆய்வுகளையும் திரட்டி எடைபோடும் முறையான மறுஆய்வுகளுக்குத் தேடல் அமைத்துக் கொடுப்பது இந்தத் தொழிலின் அடுத்த படி. அதற்கு பிரிஸ்மா என்ற அறிக்கை நெறிகளைப் படியுங்கள், 2020-இல் திருத்தப்பட்டது. தேடலுக்கென்றே அதன் விரிவாக்கம் 2021-இல் வந்தது. உங்கள் நோட்டில் நூறு தேடல்கள் சேர்ந்தபின் இதில் இறங்கினால் சரியாக இருக்கும். இப்படி வேலை செய்தால் நூலகரின் பெயரையும் கட்டுரையாசிரியர்களில் ஒருவராகச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். கேளுங்கள். அது உங்கள் உழைப்பு.

இந்திய மருத்துவ நூலகச் சங்கம் நடத்தும் மாநாடுகளுக்கு ஒருமுறையாவது போய்வாருங்கள். அமெரிக்காவின் மருத்துவ நூலகச் சங்கம் 1898-இல் தொடங்கியது. அது தரும் தொழில்தகுதி அங்கீகாரம் அந்த நாட்டில் மதிப்புள்ளது. இங்கே வேலை பார்க்க அது தேவையில்லை. ஆனால் ஒரு மருத்துவ நூலகருக்கு என்னென்ன திறன்கள் வேண்டும் என்று அந்தச் சங்கம் வகுத்திருக்கும் பட்டியலைப் படித்து, நமக்கு எது தெரியும், எது தெரியாது என்று பென்சிலால் குறித்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

நிர்வாகத்தில் யாராவது, "இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே, நூலகர் எதற்கு?" என்று கேட்டால் கோபப்படாமல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் வட்டாரத்தில் நடந்த ஆய்வைச் சொல்லுங்கள். அந்த வட்டாரத்தின் 15 மருத்துவமனைகளில், நூலகத்திடம் தகவல் கேட்டுப் பெற்ற 208 மருத்துவர்களை விசாரித்து 1992-இல் வெளியிட்டார்கள். அந்தத் தகவலால் சிகிச்சையில் ஏதோ ஒன்றை மாற்றிச் செய்ததாக 80 சதவீதம் பேர் சொன்னார்கள்.

வேலை தேடுதல்

அரசுப் பணிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நூலகப் பணித் தேர்வு அறிவிப்புகளைக் கவனியுங்கள். ஜிப்மர், எய்ம்ஸ், ஐ.சி.எம்.ஆர். நிறுவனங்கள் தனித்தனியே அறிவிக்கும். யு.ஜி.சி. நெட் தேர்வில் நூலக அறிவியல் தனிப் பாடமாக உண்டு, எம்.எல்.ஐ.எஸ். இறுதியாண்டிலேயே எழுதிவிடுங்கள், பிறகு நேரம் கிடைக்காது. தனியார் மருத்துவக் கல்லூரிகளில் தொடக்கச் சம்பளம் குறைவுதான். முதல் இரண்டு ஆண்டுக்கு, சம்பளத்தைவிட அங்கே முதுநிலைப் படிப்புகள் இருக்கின்றனவா, மருத்துவர்கள் நூலகத்துக்கு வருகிறார்களா என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆளே வராத பளிங்குக் கட்டடத்தில் உட்கார்ந்தால் தொழில் வராது.

நேர்காணலுக்குச் சான்றிதழ்களோடு அந்தத் தேடல் நோட்டையும் எடுத்துப் போங்கள். நேர்காணல் குழுவில் பெரும்பாலும் ஒரு மருத்துவர் இருப்பார். பயிற்சிக் காலத்தில் நீங்கள் தேடிய கேள்விகளில் ஒன்று அவருடைய துறையைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பக்கத்தைத் திறந்து, எந்தச் சொல்லில் தொடங்கினீர்கள், எது தவறிப்போனது, பிறகு எப்படிக் கிடைத்தது என்று சொல்லுங்கள்.